இணையத்தில் அளவு கொடுத்துத் தைத்துப் போட்ட 6 வருடம்

ரெடிமேட் சட்டை எதுவும் எனக்குச் சரியாக உட்கார்ந்ததில்லை. கழுத்தைப் பார்த்து எடுத்தால் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். கையைப் பார்த்து எடுத்தால் இடுப்பைச் சுற்றித் துணி தொளதொளவென்று தொங்கும். போதாததற்கு என் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறக்கம். 6 வருடத்துக்கு முன் இணையத்தில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கத் தொடங்கினேன். இதுவரை 14 சட்டை, 4 பேன்ட், 3 வெவ்வேறு நிறுவனங்கள். இப்போது வெளியே போகும்போது நான் போடுவது பெரும்பாலும் இந்தச் சட்டைகளைத்தான். ஆனால் அந்த நிலைக்கு வர நாலு சட்டை ஆனது.

முதல் சட்டையைப் போடவே முடியவில்லை. படிவத்தில் 'மார்பு' என்று கேட்டிருந்தார்கள். உடம்பின் சுற்றளவா, தைத்த சட்டையின் சுற்றளவா என்று எங்கும் எழுதவில்லை. நான் உடம்பைச் சுற்றி டேப் பிடித்து 96 செ.மீ. என்று கொடுத்தேன். அவர்கள் சட்டையையே 96க்குத் தைத்து அனுப்பிவிட்டார்கள். பட்டனைப் போட்டால் ஒவ்வொரு காஜாவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உட்காரவும் மூச்சுவிடவும் கையை அசைக்கவும் இடம் வேண்டும் என்பதால், சாதாரணமாக ஒரு சட்டை மார்புச் சுற்றில் உடம்பைவிட 8 முதல் 12 செ.மீ. வரை லூஸாக இருக்க வேண்டும். எந்த அளவைக் கேட்கிறார்கள் என்று புரியாவிட்டால் ஆர்டர் போடாதீர்கள், எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர்கள் தரும் பதிலிலேயே அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

திருப்பி அனுப்பலாம் என்று எண்ணி இறங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். அங்கேகூட ஒருவர் அளவுக்கென்று தைத்த துணிக்கு அந்தச் சலுகை கிடையாது. நியாயம்தான். என் தோளுக்கு வெட்டிய சட்டை வேறு யாருக்கு ஆகும்? நல்ல நிறுவனங்கள் முதல் சட்டையை மட்டும் இலவசமாகத் திருத்தித் தருகின்றன, அல்லது மறுபடி தைத்துத் தருகின்றன. நான் முதலில் பார்ப்பது அதைத்தான், விலையை அப்புறம்தான்.

இரண்டாவது தடவை உடம்பை அளக்கவில்லை. என்னிடம் இருந்ததிலேயே ஓரளவு சரியாக இருந்த ஒரு பழைய சட்டையைத் துவைத்துத் தேய்த்து, எல்லாப் பட்டனையும் போட்டு மேசையில் விரித்தேன். ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்பு. தோள் தையல் முதல் தோள் தையல் வரை தோள். காலரின் பட்டன் நடுவிலிருந்து காஜா வரை கழுத்து. உடம்பை நாமே அளக்கும்போது டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடும், அறியாமல் மூச்சையும் இழுத்துப் பிடிப்போம். சட்டை அப்படி ஏமாற்றாது. டேப் ஏமாற்றும். என்னுடைய பழைய துணி டேப்பை ஒரு நாள் ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், 30 செ.மீ. நீளத்திலேயே கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. மார்புச் சுற்றுக்கு வரும்போது அது ஒரு செ.மீ.க்கு மேல். அன்றே புது டேப் வாங்கினேன்.

மூன்றாவது சட்டையில் கற்றதுதான் பெரிய பாடம். தோள் அகலம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால் 2 செ.மீ. குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள். தோள் அழகாக உட்கார்ந்தது, ஆனால் இரண்டு கையும் ஆளுக்கு ஒரு செ.மீ. மேலே ஏறிவிட்டது. கை தோள் தையலிலிருந்துதானே தொடங்குகிறது! தோளை உள்ளே தள்ளினால் அதே அளவு கை நீளத்தைக் கூட்ட வேண்டும். தையல் தெரிந்தவருக்கு இது சாதாரண விஷயம். நேரில் கொடுத்தால் அவரே பார்த்துச் சேர்த்துக்கொள்வார். இணையத்தில் நாம் எழுதிய எண்ணைத் தவிர அவர் கண்முன் எதுவும் இல்லை.

போதாக்குறைக்கு, துவைத்ததும் அந்தக் கை இன்னும் ஏறியது. பருத்தித் துணி 3 சதவீதம் சுருங்கினாலே 64 செ.மீ. கை கிட்டத்தட்ட 2 செ.மீ. குறைந்துவிடும். அதிலிருந்து துணி விவரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். தைக்கும் முன்பே துணியை இயந்திரத்தில் சுருக்கிவிடும் முறை அது. 1930இல் சான்ஃபோர்ட் க்ளூயட் என்பவர் காப்புரிமை பெற்றது. இல்லையென்றால் கை நீளத்தில் ஒன்றரை செ.மீ. கூட்டிக் கொடுத்துவிடுவேன். எந்தப் பக்கம் சாய்வது என்று சந்தேகம் வந்தால் லூஸ் பக்கமே சாய்வேன். சட்டையின் பக்கத் தையல் பெரும்பாலும் மடித்து இரட்டைத் தையலாகப் போட்டிருக்கும், பிரித்தாலும் உள்ளே துணி மிஞ்சாது. பிடித்துத் தைப்பது யாராலும் முடியும்.

சட்டை வந்ததும் போட்டு, முன்னும் பின்னும் பக்கமும் படம் எடுத்து அனுப்புவது நல்ல பழக்கம். சுருக்கம் எங்கே விழுகிறது என்பதை வைத்தே என்ன தப்பு என்று சொல்லிவிடலாம். என் சட்டைகளில் கழுத்திலிருந்து வலது அக்குள் நோக்கி ஒரு சாய்வு மடிப்பு விழுந்துகொண்டே இருந்தது. துணி மட்டம் என்றுதான் நினைத்தேன். படத்தைப் பார்த்த கட்டிங் மாஸ்டர், வலது தோள் இறக்கம் என்று உடனே எழுதினார். அந்தப் பக்கம் மட்டும் சரிவைக் கூட்டி வெட்டியதும் மடிப்பு போய்விட்டது. இத்தனை காலம் தோளுக்கு ஏற்ற சட்டையை ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்று அன்றுதான் புரிந்தது. உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன்.

அதே மாஸ்டர் சொல்லித்தான் அக்குள் வளைவையும் மேலே ஏற்றினேன். அக்குள் தாராளமாக இருந்தால்தான் கை சுலபமாக ஏறும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாம். வளைவு கீழே இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே எழும்பும். உடம்பை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் எழும், பேன்ட்டுக்குள் விட்ட சட்டை வெளியே வராது. போட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

ஃபோனில் படம் எடுத்தால் அளவு சொல்லும் செயலியை ஒரு தடவை முயன்றேன். எனக்கு மார்பில் 3 செ.மீ. பிசகியது, விட்டுவிட்டேன்.

பேன்ட் விஷயத்தில் இன்னும் நிறைவில்லை. இடுப்பும் நீளமும் சுலபம். பின்பக்கமும் தொடையும்தான் சிக்கல். நிற்கும்போது சரியாக இருப்பது உட்கார்ந்தால் பிடிக்கிறது. 4 பேன்ட்டில் ஒன்றுதான் முழுத் திருப்தி. அதையே விரித்து அளந்துகொள்ளுங்கள் என்று அந்த நிறுவனத்துக்கே அனுப்பி வைத்திருக்கிறேன்.

அளவுகளைக் கணக்கில் சேமித்து வைப்பார்கள், ஒரே சொடுக்கில் மறு ஆர்டர் போடலாம். அதை அப்படியே நம்பாதீர்கள். 2 வருடம் கழித்து வாங்கிய ஒரு சட்டையில் கழுத்துப் பட்டன் எட்டவில்லை. உடம்பு மாறியிருந்தது, எண்கள் மாறவில்லை. இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கு முன்பும் கழுத்து, மார்பு, இடுப்பு மூன்றையும் திரும்ப அளக்கிறேன். ஒரு சமயத்தில் ஒரு சட்டைதான், அதைத் துவைத்துப் போட்டுப் பார்த்த பிறகே அடுத்தது. போன மாதம் வந்த 14ஆவது சட்டையில் ஒரே ஒரு குறை: வாட்ச் கட்டும் இடது கையின் கஃப் பட்டன் போட்டால் இறுக்குகிறது. அடுத்ததில் இடது கஃபை மட்டும் 1.5 செ.மீ. கூட்டச் சொல்லியிருக்கிறேன்.