எஞ்சின் வேலைக்குப் பிறகு திணறிய செல்ஃப்: கோவையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறை

பழுதைக் கண்டுபிடித்த முறைக்காகவே இந்தப் பட்டறைக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஐந்தாவதைக் கொடுக்காததற்கும் காரணம் உண்டு.

எங்களுடையது 796 சிசி எஞ்சின் கொண்ட பழைய மாருதி ஆல்ட்டோ. பிஸ்டன் ரிங் மாற்றுவதற்காக வேறோர் இடத்தில் எஞ்சினை இறக்கி ஏற்றியிருந்தோம். புகை நின்றது, இழுவையும் திரும்பியது. ஆனால் அன்று முதல் காலையில் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் திணறியே சுற்றியது, இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கியது. எஞ்சின் வேலை பார்த்தவர்கள் முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் குறை தீராததால், அடுத்து, வண்டி ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவை மாற்ற வேண்டும் என்றார்கள்.

இந்தப் பட்டறைக்காரர் எதையும் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தார். ஓய்வில் இருந்த பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. அதன் பிறகு அவர் செய்ததைத்தான் முன்பு பார்த்தவர்கள் செய்யவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு 2.1 வோல்ட்டைத் தொட்டது. அதாவது, செல்ஃப் மோட்டாருக்குச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பெரும் பகுதி, மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியான எர்த் பாதையிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடியோடும் பேட்டரியோடும் அதற்குள்ள மின்தொடர்பை எர்த் ஒயர்தான் தாங்குகிறது. எஞ்சினை இறக்கும்போது கழற்றிய அந்த ஒயரைத் திரும்ப மாட்டுகையில், பெயிண்ட்டின் மேலோ துருவின் மேலோ போல்ட்டை முடுக்கிவிட்டால், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஓம் அளந்து பார்த்தாலும் பிடிபடாது, ஏனெனில் 0.01 ஓம் என்பது சாதாரண மீட்டரின் கணக்கிலேயே வராத தடை, ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது அதுவே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். இப்படி அதிக மின்னோட்டம் ஓடும் நிலையில் அளந்தால்தான் குற்றவாளி அகப்படும். ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையையும் அவர் தொட்டுப் பார்த்தார். லேசான சூடு இருந்தது. நல்ல எர்த் கிடைக்காத மின்னோட்டம் அந்தக் கேபிள் வழியாகவும் திரும்பிக்கொண்டிருந்ததாம். அப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் கேபிள் உருகிப் பெடல் இறுகியிருக்கும் என்பதை நினைத்தால், செல்ஃப் திணறியது சிறிய தொல்லையாகவே தோன்றுகிறது.

டைனமோவையும் அவர் சும்மா விடவில்லை. விளக்குகளைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டபோது, டைனமோவிலிருந்து மின்சாரம் வெளிவரும் டெர்மினலுக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் இடையே 14.2 வோல்ட், பேட்டரியிலோ 13.6 வோல்ட். உற்பத்தியில் குறையில்லை, வந்து சேரும் வழியில்தான் கசிவு என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கழற்றிய எர்த் ஒயரின் நுனியில் பல இழைகள் அறுந்திருந்தன. போல்ட் அமர்ந்த இடம் முழுவதும் எண்ணெயும் துருவும். உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, தடித்த பின்னல் ஒயரைப் பல் வாஷரோடு முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். மறுபடி அளந்தபோது செல்ஃப் அடிக்கையில் 0.1 வோல்ட். செலவு, தேவையில்லாமல் வாங்கிய அந்தப் புதிய பேட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனிக் குறைகள். கைபேசியை அவர்கள் எளிதில் எடுப்பதில்லை. வண்டியை எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்களோ, அதற்கு மேல் அரை நாள் சேர்த்துக்கொள்வது நல்லது. ரசீதைக் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள், அதிலும் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனித் தொகை இல்லை. சோதனை செய்கிறவரும் பெரியவர் ஒருவர்தான். உதவிக்கு இருக்கும் பையன்களிடம் அந்தப் பொறுமையை நான் பார்க்கவில்லை. ஆகவே அவர் பட்டறையில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு, காலையில் வரிசை சேர்வதற்குள் வண்டியை விடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் செல்ஃப் அடித்து அளக்கவும் அந்த நேரமே வசதியானது.