லேனில் கடிகாரங்களை ஒன்றாக ஓடவைக்க: குரோனியா, என்டிபிடியா, பிடிபியா?

லேனில், அதாவது ஒரே உள் நெட்வொர்க்கில், இருக்கும் மூன்று சர்வரின் லாக்கையும் (நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு) ஒரே ஃபைலில் கொட்டி நேரவாரியாக அடுக்கிப் பார்த்தேன். டேட்டாபேஸ் பதில் அனுப்பியது 10:42:07.118. அந்தக் கேள்வியை வெப் சர்வர் கேட்டதே 10:42:07.391-க்குத்தான். கேட்பதற்கு முன்பே பதில்! அரை நாள் புரோகிராமில் பிழை தேடினேன். கடைசியில் பார்த்தால் டேட்டாபேஸ் மெஷினின் கடிகாரம் பின்தங்கிக் கிடக்கிறது. அதில் ஓடியது சிஸ்டம்டி-டைம்சிங்க்டி (நெட்வொர்க்கில் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் சின்ன லினக்ஸ் புரோகிராம்), ஃபயர்வாலில் அந்த நேரம் வந்துசேரும் வழியான யுடிபி 123 அடைபட்டிருந்தது, சர்வீஸ் என்னவோ 'ஆக்டிவ்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. குவார்ட்ஸ் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 0.86 விநாடி போய்விடும், சூடு ஏறி இறங்கினால் அந்தப் பிசகும் நிலையாக இருக்காது.

டைம்சிங்க்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் வாங்கிக்கொள்ளும், மற்ற மெஷினுக்குக் கொடுக்காது. லேப்டாப்புக்குப் போதும்.

உண்மையான போட்டி, நேரம் வாங்கவும் கொடுக்கவும் தெரிந்த என்டிபிடி, குரோனி என்ற இரண்டு புரோகிராம்களுக்கு இடையில்தான். இரண்டும் பேசுவது ஒரே என்டிபி (மெஷின்கள் ஒன்றிடம் ஒன்று நேரம் கேட்கும் முறை), 1985-இல் டேவிட் மில்ஸ் எழுதிவைத்த நெறிமுறையின் வழிவந்தது. வித்தியாசம் கடிகாரத்தைத் திருத்தும் விதத்தில். என்டிபிடி நிதானப் பேர்வழி: 128 மில்லிவிநாடிக்குள் பிசகு இருந்தால் மெல்ல இழுக்கும், அந்த இழுப்பின் வேகம் விநாடிக்கு 500 மைக்ரோவிநாடிக்கு மேல் போகாது, அதாவது 100 மில்லிவிநாடியைச் சரிசெய்யவே குறைந்தது 200 விநாடி. குரோனி லினக்ஸில் 12 விநாடிக்கு 1 விநாடி வரை இழுக்கும். அடிக்கடி நிறுத்தி எழுப்பும் விர்ச்சுவல் மெஷின்களில் இது பெரிய நிம்மதி. லேனுக்குள் பத்துப் பதினைந்து மைக்ரோவிநாடி அளவுக்கு நெருக்கம் கிடைக்கிறது, நெட்வொர்க் கார்டு ஒத்துழைத்தால் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப்பும் (பாக்கெட்டின் நேரத்தைக் கார்டே குறிப்பது) போடலாம். ரெட் ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் என்டிபிடியைத் தூக்கியே விட்டார்கள். பழைய ரேடியோ கடிகாரம், ஜிபிஎஸ் பெட்டி எதையாவது நேரடியாக மாட்டியிருந்தால் என்டிபிடியின் டிரைவர் பட்டியல் உதவும். மற்றபடி புதிதாக நிறுவுகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அப்புறம் பிடிபி, என்டிபிக்குப் பதிலான இன்னொரு நெறிமுறை, ஐஇஇஇ 1588 என்ற தரநிலை. மைக்ரோவிநாடிக்கும் கீழே போகவேண்டும் என்றால் இதுதான். ஆனால் அந்தத் துல்லியம் நெறிமுறையால் மட்டும் வருவதில்லை. பாக்கெட் கம்பியில் ஏறுகிற நொடியிலேயே கார்டு முத்திரை குத்தவேண்டும், நடுவில் உள்ள ஸ்விட்ச் தன் வரிசையில் பாக்கெட் காத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவேண்டும். சாதா ஸ்விட்ச், சாதா கார்டு என்றால் குரோனியைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது, வேலைதான் இரட்டிப்பு. ஈத்டூல் கட்டளையில் பெரிய டி ஆப்ஷன் போட்டுப் பார்த்தால் கார்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

வேலை இரட்டிப்பு என்றது சும்மா இல்லை. லினக்ஸில் பிடிபியை ஓட்டும் புரோகிராமான பிடிபி4எல் திருத்துவது கார்டில் உள்ள கடிகாரத்தை. அதைச் சிஸ்டம் கடிகாரத்துக்குக் கொண்டுவர பிஹெச்சி2சிஸ் என்ற இன்னொரு புரோகிராம் தனியாக ஓடவேண்டும். பிடிபி ஓடுவது டிஏஐ என்ற அணுக்கடிகார நேரத்தில், அது உலகப் பொது நேரமான யுடிசியைவிட 37 விநாடி முன்னால். சோதனைக்காகப் போட்டபோது பிஹெச்சி2சிஸ்ஸில் வித்தியாசம் 0 என்று நானே கையால் கொடுத்துத் தொலைத்தேன், மெஷின் நானோவிநாடித் துல்லியத்தோடு 37 விநாடி தப்பாக ஓடியது. இன்னொன்று, எல்லாம் பின்பற்றவேண்டிய தலைமைக் கடிகாரத்தைப் பிடிபி மெஷின்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முன்னுரிமையை எல்லாரும் மாற்றாமல் 128 என்றே விட்டிருந்தால், யாரோ கொண்டுவந்து செருகிய லேப்டாப்கூட தலைமைக்கு வரலாம்.

எனக்கு லாக் வரிசை சரியாக வந்தால் போதும், அதனால் குரோனி. ஒரு மெஷின் மட்டும் வெளியே நான்கு சர்வரைக் கேட்கிறது (2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் போட்ட உத்தரவுப்படி தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்பிஎல்) தரும் நேரத்தை ஒட்டியே இருக்கவேண்டும், இந்தியாவில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்), மற்றவை அதை மட்டும் கேட்கின்றன. அந்த ஒன்றில் குரோனியின் அமைப்பு ஃபைலில் 'லோக்கல்' வரியும் சேர்த்திருக்கிறேன், இன்டர்நெட் அறுந்தாலும் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டு ஒன்றாக ஓடும். அது படுத்துவிட்டால்? இன்னும் இரண்டாவது மெஷின் ஏற்பாடு செய்யவில்லை, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் கண் இருக்கிறது.