மெலன், சர்க்கிள், பில்போர்டு: எந்தப் படி சரியாக அளக்கிறது?

கொரியாவில் ‘சுச்சுல்டோல்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ‘சுச்சுல்’ என்றால் ஏற்றுமதி. ‘டோல்’ ஐடல் என்பதன் வால்; ஐடல் என்றால் கே-பாப் குழுப் பாடகர். வெளிநாட்டு மேடைகளில் கூட்டத்தை அள்ளிவிட்டு, சியோல் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத குழுக்களுக்கு வைத்த பெயர். பாதி பாராட்டு, பாதி நக்கல். உள்ளூர் மாடு விலை போகாது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட குழு ஜெயித்ததா இல்லையா என்று சண்டை வந்தால், ஒருவர் கொரியாவின் மெலன் சார்ட்டைக் காட்டி “எங்கே காணோம்?” என்பார். இன்னொருவர் அமெரிக்காவின் பில்போர்டு சார்ட்டைக் காட்டி “இதோ முதலிடம்” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு படியை வைத்து அளக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படிகளையே எடுத்துப் பார்ப்போம்: எது எதை அளக்கிறது, எங்கே ஓட்டை, எந்தக் கேள்விக்கு எதை நம்பலாம்.

முதலில் மெலன். 2004-ல் எஸ்கே டெலிகாம் தொடங்கிய பாட்டுச் சேவை இது. 2016-லிருந்து ககாவோ நிறுவனத்தின் கையில். கொரியாவில் ஒரு பாட்டு ‘ஓடுகிறது’ என்றால் மெலனில் மேலே நிற்கிறது என்றே இன்றும் பொருள். காரணம் கணக்கிடும் முறை. முன்பு ஒரு மணி நேரக் கணக்கில் ரியல்-டைம் சார்ட் இருந்தது. ரசிகர்கள் கூடிப் பேசிக்கொண்டு, பாட்டு வெளியான நிமிடத்திலிருந்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு ‘ஸ்மிங்’ என்று பெயர். அணி திரண்டு செய்தால் ‘சொங்கொங்’, அதாவது ஒட்டுமொத்தத் தாக்குதல். சார்ட்டில் ஆல்பத்தின் பத்துப் பாட்டும் வரிசையாக உட்கார்ந்துவிடும். இதைத் தடுக்க 2020-ல் 24 மணி நேரக் கணக்குக்கு மாறினார்கள்: ஒரே பாட்டை ஒருவர் நூறு தடவை போட்டாலும் ஒன்றுதான். ஆனால் சார்ட் அசையாமல் உறைந்துபோக, 2021 ஆகஸ்டில் முதல் நூறு பாட்டுகளின் பட்டியலான TOP100 திரும்பி வந்தது. இப்போது கடைசி 24 மணி நேரக் கணக்கும் கடைசி ஒரு மணி நேரக் கணக்கும் பாதிக்குப் பாதி. ஆள் குறைந்த நேரமான இரவு 1 மணி முதல் காலை 7 மணி வரை 24 மணி நேரக் கணக்கு மட்டும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் TOP100-ஐப் படிக்கும் விதமே மாறிவிடும். புதுப்பாட்டு பெரும்பாலும் கொரிய நேரம் மாலை 6 மணிக்கு வெளியாகும். இரவு 7, 8 மணிக்கு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது ரசிகர் படையின் பலம். மறுநாள் காலை 7 முதல் 9 வரை பாருங்கள்: மெட்ரோவில் வேலைக்குப் போகிறவர்கள் காதில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். இரவு 11 மணிக்கு 5-ம் இடத்தில் இருந்தது காலை 8 மணிக்கு 40-க்கு இறங்கினால், ஓட்டியது ரசிகர்கள்தான், ஊர் இன்னும் காது கொடுக்கவில்லை. தலைகீழாகக் காலையில் ஏறினால், பாட்டு ஊருக்குள் இறங்கிவிட்டது. கடைசியாக, மூன்றாவது வாரம் ஒரு முறை பாருங்கள். அப்போதும் நிற்கிற பாட்டு வெறும் ரசிகர் பலத்தில் நிற்கவில்லை. 2024-ல் ஏஸ்பா என்ற பெண்கள் குழுவின் ‘சூப்பர்நோவா’ மெலன் வாரச் சார்ட்டில் தொடர்ந்து 15 வாரம் முதலிடம் பிடித்தது. ரசிகர்கள் மட்டும் சேர்ந்து செய்ய முடிகிற வேலை இல்லை அது.

மெலன் அளப்பது அந்தக் குழுவின் ரசிகர் அல்லாதவர்களை. டீக்குப் போகிற வழியில் சும்மா TOP100-ஐத் தட்டிவிட்டுக் கேட்கிற ஆள் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. வேறு எந்தச் சார்ட்டும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை.

குறைகளும் உண்டு. கொரியாவுக்குள் இருப்பவர்களுக்காகக் கட்டிய சேவை இது. கொரிய செல்போன் எண் இல்லாதவருக்குச் சந்தா கட்டிச் சரிபார்ப்பை முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆக, வெளிநாட்டு வரவேற்பு இந்தப் படியில் விழவே விழாது. அதை வைத்து வெளிநாட்டுப் புகழை மதிப்பிடுவது, காதால் வாசனை பிடிப்பது போல. இரண்டாவது, கொரியர்களே இப்போது முழுக்க இங்கே இல்லை. 2023 டிசம்பரில் மாதப் பயனர் எண்ணிக்கையில் யூடியூப் மியூசிக் மெலனை முந்தியதாக மொபைல் தரவு நிறுவனங்கள் கணக்கிட்டன. யூடியூப் பிரீமியம் வாங்கினால் மியூசிக் கூடவே வருகிறது, தனியாக மெலனுக்கு எதற்குப் பணம் என்ற எளிய கணக்கு. இளைஞர்கள் நகர நகர, மிச்சமிருக்கும் கூட்டத்தில் டிராட் என்ற பழைய பாணிக் கொரியப் பாட்டுப் பாடகர் இம் யங்-வூங்கின் ரசிகர்கள் போன்ற மூத்தவர்களின் எடை கூடுகிறது. அவர் 2024 மே மாதம் சியோல் உலகக் கோப்பை மைதானத்தை இரண்டு நாள் நிரப்பியவர். வெளிநாட்டுச் சந்தையை நம்பி இல்லை. ஏற்றுமதிக் குழுவுக்கு நேர் எதிர்முனை. அவரை யாரும் ‘உள்ளூர்டோல்’ என்று கிண்டல் செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது ஆல்பக் கணக்கு: சர்க்கிள், ஹான்டியோ. ரசிகர்கள் இவை இரண்டையும் குழப்பிக்கொள்வது அதிகம். சர்க்கிள் என்பது 2010-ல் தொடங்கிய காவோன் சார்ட்டின் புதுப்பெயர், 2022-ல் மாறியது. அதன் ஆல்பச் சார்ட் எண்ணுவது கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை, திரும்பி வந்ததைக் கழித்து. வாங்கியவர் கைக்குப் போனதா என்பது அந்த எண்ணில் தெரியாது. ஹான்டியோ 1993-லிருந்து இருக்கிறது; கடையில் பில் போட்டதை எண்ணுகிறது. வெளியான முதல் ஏழு நாள் விற்பனைக்கு ‘சோதோங்’ என்று பெயர்; செய்தியில் வருகிற ‘முதல் வாரம் இத்தனை லட்சம்’ பெரும்பாலும் இதுதான்.

எங்கே கெடுகிறது என்றால், ஒரு பிரதிக்கு ஒரு ஆள் என்ற கணக்கு இங்கே கிடையாது. ஒவ்வொரு ஆல்பத்திலும் எந்த உறுப்பினரின் போட்டோகார்டு என்கிற சிறு பட அட்டை வரும் என்று தெரியாது. ஒரே ஆல்பத்துக்கு நாலைந்து அட்டைப் பதிப்புகள். அதற்கு மேல் ரசிகர் கையெழுத்து நிகழ்ச்சிக்குக் குலுக்கல்: எத்தனை ஆல்பம் வாங்குகிறீர்களோ அத்தனை சீட்டு. உள்ளே போக ஏறக்குறைய எத்தனை வாங்க வேண்டியிருக்கும் என்பதை ‘பேன்சாகட்’ என்பார்கள். கொரோனா காலத்தில் வீடியோ கால் கையெழுத்து வந்ததும் வெளிநாட்டு ரசிகரும் இந்தக் குலுக்கலில் இறங்கினார். சீன ரசிகர் மன்றங்களின் கூட்டுக் கொள்முதல் இன்னொரு பக்கம். விற்ற பிரதிகளின் எண்ணிக்கை உயர்ந்து நிற்கும். வாங்கியவர் எண்ணிக்கை அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கிள் முதல் 400 ஆல்பங்களின் மொத்தம் 2023-ல் 11 கோடியைத் தாண்டியது, 2024-ல் 10 கோடிக்குக் கீழே வந்தது. ரசிகர்கள் அவ்வளவு வேகமாகப் பெருகவும் இல்லை, அவ்வளவு வேகமாக ஓடவும் இல்லை. ஒரு ஆள் வாங்குகிற பிரதிகள்தான் ஏறி இறங்குகின்றன. வெளிநாட்டுப் புகழை அளக்க ஆல்ப எண்ணை எடுக்காதீர்கள். ஒரு ஏற்றுமதிக் குழுவின் பில்லில் எத்தனை வெளிநாட்டுக்காரர் என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

பில்போர்டு வெளிநாட்டுக் கட்சியின் பிரமாஸ்திரம். இங்கே முதலில் கேட்க வேண்டியது: 200-ஆ, Hot 100-ஆ? பில்போர்டு 200 ஆல்பச் சார்ட். அச்சு ஆல்பம் ஒன்று ஓர் அலகு. ஸ்ட்ரீமிங் என்றால், 2018 முதல் 2025 வரை இருந்த கணக்குப்படி கட்டணச் சந்தாவில் 1,250 தடவை கேட்டால்தான் ஓர் அலகு; 2026 ஜனவரியில் அது 1,000 ஆனது. கடையில் டப்பா வாங்க ஒரு லட்சம் பேரை அனுப்ப முடிகிற குழுவுக்கு இது அல்வா. ஸ்ட்ரே கிட்ஸ் 2022 ‘ஆடினரி’ முதல் 2025 ‘கர்மா’ வரை ஏழு வெளியீட்டையும் முதலிடத்தில் இறக்கியது. அதே குழு மெலனில் அந்த உயரத்தில் இருந்ததில்லை. அதனால் தோல்வி என்று அர்த்தமில்லை; 200 அளப்பது ரசிகர் பலத்தை, அது அவர்களிடம் அமெரிக்காவிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

Hot 100 பாட்டுச் சார்ட். ஸ்ட்ரீமிங், வானொலி, விற்பனை மூன்றும் சேரும். இங்கே வானொலிதான் முட்டுக்கட்டை. 2012-ல் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ ஏழு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றதற்கு வானொலி ஒரு முக்கியக் காரணம். யூடியூப் பார்வைகள் சார்ட்டில் சேர்ந்தது மறு ஆண்டுதான். 2020 இறுதியில் பிடிஎஸ்ஸின் ‘லைஃப் கோஸ் ஆன்’ முதலிடத்தில் இறங்கி, அடுத்த வாரம் 28-க்குப் போனது. ரசிகர்கள் முதல் வாரமே வாங்கி முடித்துவிட்டார்கள், வானொலி கைகொடுக்கவில்லை. இதோடு பிஃப்டி பிஃப்டியை ஒப்பிடுங்கள். 2022 நவம்பரில் அறிமுகமான சிறு நிறுவனக் குழு. பெரிய ரசிகர் படை கிடையாது. 2023-ல் அவர்களுடைய ‘கியூபிட்’ டிக்டாக் வழியாகப் பரவி, 100-ம் இடத்தில் நுழைந்து, மெல்ல மெல்ல 17 வரை ஏறி, 25 வாரம் நின்றது. முதலிடம் பிடித்து விழுந்த பாட்டைவிட, 17-ல் நின்று 25 வாரம் ஓடிய பாட்டைத்தான் அமெரிக்கர்கள் தானாகக் கேட்டார்கள். ஆகவே உச்ச இடத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாம் வாரத்தையும் மொத்த வாரங்களையும் பாருங்கள்.

நாள் விஷயம் ஒன்று, சின்னதுதான், ஆனால் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். பில்போர்டு வாரம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவு என்பது கொரியாவில் பிற்பகல் 1 அல்லது 2 மணி. சர்க்கிள் வாரமோ ஞாயிறு தொடங்கிச் சனியில் முடியும். வெள்ளி மதியம் வெளியிட்டால் அமெரிக்காவில் முழு ஏழு நாள்; கொரிய வாரச் சார்ட்டில் இரண்டே நாள். மாலை 6 மணியா, வெள்ளி மதியம் 1 மணியா என்று பார்த்தாலே அந்த நிறுவனம் எந்தச் சந்தைக்குப் பரீட்சை எழுதுகிறது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவுக்காக உள்ளூரைக் கைவிட்ட கதையும் உண்டு. 2009-ல் வொண்டர் கேர்ள்ஸ் கொரியாவில் உச்சத்தில் இருக்கும்போது அமெரிக்கா போனார்கள். அக்டோபரில் ‘நோபடி’ Hot 100-ல் 76-ம் இடம் பிடித்தது. அந்தச் சார்ட்டில் முதல் கொரியக் குழு. ஊரில் இல்லாத அந்தக் காலத்தில் போட்டிக் குழுவான கேர்ள்ஸ் ஜெனரேஷன் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. 76 என்ற எண் சரித்திரம். நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை.

சார்ட்டுகளை விட்டுவிட்டு நம்பலாம் என்று சொல்லக்கூடிய படி ஒன்று உண்டு: அரங்கின் அளவு. ஏட்டீஸ் என்ற குழு 2018 அக்டோபரில் அறிமுகம், 2019 மார்ச்சில் சின்ன அரங்குகளில் அமெரிக்கச் சுற்று, 2022-ல் உள்ளரங்குகள், 2024-ல் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் பேஸ்பால் மைதானம். ஒரு ஆள் பத்து டிக்கெட் வாங்கினாலும் பத்து இருக்கையில் உட்கார முடியாது. கொரிய நிறுவனங்கள் வெளியே பார்ப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடி. சியோலில் கே-பாப் குழுக்கள் போட்டி போடுவது 15,000 பேர் கொள்ளும் கேஎஸ்பிஓ டோமுக்கும், அதைவிடச் சற்றுப் பெரிய கோச்சொக் ஸ்கை டோமுக்கும். டோக்கியோ டோம் ஒரே இரவில் சுமார் 50,000 பேர். உள்ளூரில் கொடிகட்டிப் பறந்தாலும் அந்தப் புகழைக் காசாக்க ஊரில் போதிய இடம் கிடையாது. மே மாதக் கல்லூரி விழாக்களும் விளம்பரங்களும்தான் மிச்சம்.

ட்ரீம்கேட்சர் என்ற குழு 2017 ஜனவரியில் அறிமுகமாகி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றிச் சுற்றிப் பாடி, கொரிய இசை நிகழ்ச்சியில் முதல் பரிசு வாங்கியது 2022 ஏப்ரலில். ஐந்து ஆண்டு மெலன் படியில் அவர்கள் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். டிக்கெட் படியில் ஓடிக்கொண்டிருந்த குழு. எந்தப் படி சரி என்று கேட்டால், கொரியக் குழுக்களின் வழக்கமான ஏழு ஆண்டு ஒப்பந்தத்தைத் தாக்குப்பிடிக்க வைத்த படி.

அரங்க எண்ணைப் படிக்கும்போது இரண்டு சறுக்கல். ஒன்று, மைதானத்தின் பெயரை மட்டும் பார்ப்பது. மேடையை நடுவே போட்டு, பின்பாதியைத் திரையால் மூடினால் 40,000 பேர் மைதானம் 20,000 ஆகும். இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு, முதல் வருகையை நம்புவது. புதிதாகப் பார்க்க வருகிற கூட்டம் எந்த ஊரிலும் ஒரு தடவை கிடைக்கும். அதே ஊருக்கு இரண்டாம் முறை போகும்போது சின்ன அரங்குக்கு இறங்கினார்களா, அதே அரங்கில் இரண்டாம் நாள் சேர்த்தார்களா என்று மட்டும் பாருங்கள்.