டர்பனில் பாதியா, கெபெர்ஹாவில் முழுசா? நடுவில் ஒரு காமரேட்ஸ்

எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் அக்டோபர் வாக்கில் ஒரு சண்டை வரும். அடுத்த வருஷம் எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது என்பதுதான் விஷயம். என் கணவர் காமரேட்ஸ்காரர். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் அந்த ஓட்டத்தை நான்கு தடவை முடித்தவர். தண்ணீர் மட்டும் அவருக்கு ஆகாது. நீச்சல் குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்க மாட்டார். நான் டிரையத்லான்காரி; நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் செய்கிறவள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து டர்பனில் பதினோரு வருஷம் ஆகிறது. நீச்சல் கற்றுக்கொண்டதே 34 வயதில், இங்கேதான்.

டர்பனில் இருப்பவர்களுக்கு இரண்டு வாய்ப்புகள் கண்ணில் படும். ஒன்று, ஜூன் வாக்கில் சன்கோஸ்ட் கடற்கரையில் நடக்கும் 70.3 என்ற பாதி அயர்ன்மேன். மொத்தத் தூரத்தின் மைல் கணக்கில் வந்த பெயர் அது: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். இன்னொன்று, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ கெபெர்ஹாவில் நடக்கும் முழு அயர்ன்மேன்: 3.8, 180, 42.2. பழைய பெயர் போர்ட் எலிசபெத். 2021இல் பெயர் மாறியது. முதல் எழுத்தை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கிச் சொல்ல வேண்டும். என்னால் இன்னும் முடியவில்லை. டர்பனில் பாதிப் பேர் இப்போதும் 'பி.இ.' என்றுதான் சொல்கிறார்கள்.

காகிதத்தில் ஒன்று மற்றதன் சரிபாதி. அந்தச் சரிபாதியை நம்பித்தான் முதல் தடவை நான் மாட்டிக்கொண்டேன்.

கடலிலிருந்தே ஆரம்பிக்கலாம். தூரம் குறைவு என்பதால் டர்பன் நீச்சல் சுலபம் என்று நினைக்க வேண்டாம். இங்கே கஷ்டம் முதல் நூறு மீட்டரில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் அலை கரையிலேயே வந்து உடையும். உடைந்து வரும் அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழத் தெரியாவிட்டால், ஐந்து நிமிஷம் நீந்தியும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். நான் முதல் தடவை நின்றேன், வாயில் மணலோடு. அலையைத் தாண்டிவிட்டால் அப்புறம் சுகம். ஜூனிலும் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. சுறா பயம் என்று ஊரிலிருந்து போன் பண்ணும் அத்தை, சித்தி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: டர்பன் கடற்கரைகளில் 1952 முதல் சுறா வலை இருக்கிறது. மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும் பருவத்தில் அந்த வலையை எடுத்துவிடுவார்கள் என்பதையும், அது ஜூன், ஜூலைதான் என்பதையும் நான் சொல்வதில்லை.

எனக்கு உண்மையான கவலை சுறா இல்லை, சாக்கடை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, கடல் நீரில் ஈ.கோலை கிருமி அளவு ஏறி, கடற்கரைகளை மாதக்கணக்கில் மூடி மூடித் திறந்தார்கள். இப்போதும் மழை பெய்த மறுநாள் நான் கடலில் கால் வைப்பதில்லை.

கெபெர்ஹாவில் ஹோபி பீச். கடலுக்குள் இறங்குவது சுலபம். இறங்கிய பிறகுதான் நீளம் தெரியும். கிழக்குக் காற்று அடித்தால் அல்கோவா வளைகுடா கலங்கிவிடும். அதே காற்று சில சமயம் அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்துவிடும். வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) இல்லாமல் அங்கே யோசிக்கவே வேண்டாம். 24.5 டிகிரி வரை வெட்சூட் போடலாம் என்பது விதி, பி.இ.யில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முழுப் போட்டி நீச்சலுக்கு 2 மணி 20 நிமிஷம் கெடு. நிதானமாக நீந்துகிறவர்களுக்குக்கூட அது போதும்.

நீச்சலில் பயப்படுகிறவர்கள் முழுசைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அலைக்குப் பயப்படுகிறவர்கள் டர்பனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

சைக்கிளில் கதை தலைகீழ். டர்பனில் எம்4 நெடுஞ்சாலையை மூடித் தருவார்கள். வடக்கே உம்லாங்கா தாண்டிக் கடலோரமாகப் போகும் அந்தச் சாலையில் மேடு பள்ளம் உண்டு, மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் சனிக்கிழமை விடியற்காலையில் கும்பலாகப் பழகுவதும் அதே சாலையில்தான். தனியாகப் போக மாட்டோம்; சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு விடுவார்கள். டோங்காட் பக்கம் வரும்போது கரும்புக் காடு. 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வெட்டிய கரும்பு இந்த மண்ணில்தான். அந்த வழியாக நாலாயிரம் டாலர் சைக்கிளில் பொழுதுபோக்குக்கு வியர்வை சிந்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும். (என் சைக்கிள் அவ்வளவு இல்லை. பழையது, இரண்டாம் கை.)

கெபெர்ஹாவை 'காற்று நகரம்' என்று அங்கே இருப்பவர்களே சொல்வார்கள். 90 கிலோமீட்டர் சுற்று இரண்டு. முதல் சுற்றில் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்போது நம்மைவிடப் பலசாலி யாரும் இல்லை என்று தோன்றும். நண்பகலில் காற்று ஏறி, எதிரே வரும்போது, இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருக்கும்.

என் முதல் முயற்சி அங்கேதான் முடிந்தது. 130வது கிலோமீட்டர் அளவில் வழியில் தெம்புக்குச் சாப்பிடும் இனிப்பு ஜெல்லின் வாசனையே குமட்ட ஆரம்பித்தது. சரி, கொஞ்ச நேரம் சாப்பிடாமல் போவோம் என்று நினைத்தேன். அந்தக் 'கொஞ்ச நேரம்' ஒரு மணி நேரமானது. அப்புறம் கால் மிதிக்கிறது, சைக்கிள் நகரவில்லை. சைக்கிளை வைத்துவிட்டு ஓட்டத்துக்கு மாறும் இடமான ட்ரான்சிஷனுக்கு வந்து சேர்ந்தபோது கெடு தாண்டி பன்னிரண்டு நிமிஷம். கல்லூரி மாணவி மாதிரி இருந்த ஒரு தன்னார்வலர் என் முன்னால் மண்டியிட்டு, கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் பதியும் சிப்பை அவிழ்த்தார். வெல்க்ரோவைச் சத்தம் வராமல் மெதுவாகப் பிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது, இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் சாப்பாடு. உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் வரும். பாதிப் போட்டியில் அதை வைத்துக்கொண்டு, நாலு ஜெல், இரண்டு வாழைப்பழத்தில் எப்படியாவது கரையேறிவிடலாம். முழுப் போட்டி அப்படி விடாது. மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிளில் ஏழரை மணி நேரம் இருப்பவளுக்கு அது 450 கிராம். ஒரு இட்லியில் சுமார் பத்து கிராம் என்று வைத்தால், சைக்கிளில் உட்கார்ந்தபடி 45 இட்லி. நம் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு ராமன்கள்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள்.

ஆனால் முழுப் போட்டியில் ஒரு சலுகை உண்டு. பாதி வழியில் எடுத்துக்கொள்ள நம்முடைய சொந்தப் பை ஒன்று கொடுத்து வைக்கலாம். டர்பனில் அது கிடையாது. இரண்டாவது தடவை அந்தப் பையில் எலுமிச்சை சாதத்தைக் குழைய வடித்து, தாளிப்பில் கடலைப்பருப்பைத் தவிர்த்து, உப்பு ஒரு கை கூட்டி, எலுமிச்சங்காய் அளவு உருண்டை பிடித்து அலுமினியத் தாளில் சுற்றி வைத்தேன். (தயிர்சாதம் வைக்கலாம் என்றார் கணவர். வெயிலில் ஐந்து மணி நேரம்! வேண்டாம்.) இனிப்பு தவிர வேறு எதையாவது நாக்கு கண்டதும் வயிறு சமாதானமாகிவிட்டது. அந்தத் தடவை 15 மணி 40 நிமிஷத்தில் முடித்தேன். 17 மணி நேரக் கெடுவுக்கு அது தாராளம்.

அடுத்தது காலண்டர். வெளியூர்ப் பயிற்சித் திட்டங்கள் எதிலும் இது இருக்காது. ஏப்ரல் போட்டிக்கு உச்சப் பயிற்சி ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். டர்பனில் அது புழுக்கம் பிழிந்தெடுக்கும் காலம். காலை ஆறு மணிக்கே சட்டை ஒட்டும். அதே நாட்களில் தைப்பூசம். இங்கே காவடி என்றால் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம். பக்கத்து வீட்டு அக்கா டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நாலு வார்த்தைதான் வரும், ஆனால் காவடி விரதத்தில் எனக்கே பாடம் எடுப்பார். ஒரு வேளைச் சாப்பாட்டோடு மட்டும் ஐந்து மணி நேர சைக்கிள் பயிற்சிக்குக் கிளம்பிய என்னை வாசல் கேட் அருகே நிறுத்தி, "கண்ணு, முருகனுக்கா, மெடலுக்கா? ஒண்ணு சொல்லு" என்றார். அந்த வாரம் சைக்கிளை ஓரம் கட்டினேன். முழுசுக்குப் போகிறவர்களில் காவடி எடுப்பவர்கள் இருந்தால், அந்தப் பத்து நாளை ஓய்வு வாரமாக முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ஜூன் போட்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பயிற்சி உச்சத்துக்கு வரும்போது ஏப்ரல், மே. காற்றில் ஈரம் குறைந்து, டர்பன் வருஷத்திலேயே அழகாக இருக்கும் மாதங்கள்.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டர்பன் என்றால் முந்தின ராத்திரி சொந்தக் கட்டிலில் தூக்கம். கெபெர்ஹா சுமார் 900 கிலோமீட்டர். விமானம், சைக்கிள் பெட்டி, மூன்று ராத்திரி அறை. நுழைவுக் கட்டணம் சின்னச் செலவாகிவிடும்.

இப்போது காமரேட்ஸ். இதை ஒதுக்கிவிட்டு டர்பனில் யாரும் பேச முடியாது. 1921 முதல் நடக்கிறது. வழக்கமாக ஒரு வருஷம் மேலே ஏறுவது, மறு வருஷம் கீழே இறங்குவது. பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் துப்பாக்கிச் சத்தம். ஒரு வினாடி பிந்தினாலும் பதக்கம் இல்லை. இதுவும் ஜூனில்தான், அதனால் 70.3-ஐயும் இதையும் ஒரே வருஷம் ஒழுங்காகச் செய்வது கஷ்டம். "உங்களுக்குக் களைத்தால் சைக்கிளில் உட்காரலாம், எங்களுக்கு இஞ்சாங்காவில் உட்கார இடமில்லை" என்பார் கணவர். இஞ்சாங்கா காமரேட்ஸ் வழியில் வரும் ஒரு மலை. அயர்ன்மேன் பிறந்ததே இப்படி ஒரு வாக்குவாதத்தில்தான். ஓட்டக்காரன் பெரியவனா, நீச்சல்காரன் பெரியவனா என்று ஹவாயில் பேசிப் பேசி, 1978இல் மூன்றையும் சேர்த்து நடத்தினார்கள். பதினைந்து பேர் கிளம்பி பன்னிரண்டு பேர் முடித்தார்கள். ஆகவே எங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாரம்பரியம் இருக்கிறது.

நேர்மையாகச் சொன்னால், மறுநாள் மாடிப்படி இறங்க அவர் படும் பாட்டைப் பார்த்தால் காமரேட்ஸ்தான் உடம்பை அதிகம் நொறுக்குகிறது. கீழிறங்கும் வருஷம் தொடை போய்விடும். நான் பி.இ.யிலிருந்து திரும்பிய மறுநாள் சமைத்தேன். ஆனால் பயிற்சியில் வீட்டைத் தின்பது என்னுடையதுதான். அவருக்கு ஒரு ஜோடி ஷூவும் விடியற்காலையும் போதும். எனக்குக் குளம், கடல், சாலை, மூன்றும் வேண்டும். முழுசுக்கு வாரம் 14 மணி நேரம், பாதிக்கு எட்டு, ஒன்பது.

ஏற்கெனவே காமரேட்ஸ் ஓடியவராக இருந்து, நீச்சலும் ஓரளவு வந்தால் நேராகக் கெபெர்ஹாவுக்கே போகலாம். நீண்ட நேரம் சாப்பிட்டுக்கொண்டே நகரும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் டர்பன், யோசிக்கவே வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கும் டர்பன்தான், ஆனால் ஜனவரியிலிருந்தே அலையில் இறங்கிப் பழகுவதாக இருந்தால் மட்டும். அலை பிடிக்கவே பிடிக்காது, காற்று பரவாயில்லை என்பவர்கள் முழுசுக்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த அக்டோபர்ச் சண்டை இன்னும் முடியவில்லை. நான் இன்னொரு கெபெர்ஹா என்கிறேன், அவர் ஐந்தாவது காமரேட்ஸ் என்கிறார். நேற்று அவருடைய பையில் ஒரு புது நீச்சல் கண்ணாடி இருந்தது. என்னுடையதைவிட விலை அதிகம். நான் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.