தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு நேரலை: ஓபிஎஸ் ஸ்டுடியோ மதிப்புரை

கோவைக்குப் பக்கத்துச் சோமனூரில் என் அக்கா வீட்டுக்கும் அவர்களுடைய தறிக்குடோனுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அக்கா மகன் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். விளையாடுவதைப் பதிவு செய்யவும், வாரக் கடைசியில் யூடியூபில் நேரலையாகக் காட்டவும் வேண்டும் என்று அவன் கேட்டபோது நான் தயங்காமல் சொன்னது ஓபிஎஸ் ஸ்டுடியோவைத்தான். எட்டுத் தறிகளின் சத்தம், சொல்லாமல் போகும் கரண்ட், பேட்டரி செத்துப்போன செகண்ட் ஹேண்ட் லேப்டாப், மாலையானால் தளர்ந்துவிடும் இணையம் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அதைப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். வசதியான அறையில் உட்கார்ந்து எழுதப்படும் மதிப்புரைகள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதி வழிதான் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

ஜிம் பெய்லி என்பவர் 2012-இல் தொடங்கிய இந்த மென்பொருள் இன்று பலர் கூடி வளர்க்கும் திறந்த மூலத் திட்டமாக இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. காசு கிடையாது, நேர வரம்பு கிடையாது, வீடியோவின் மூலையில் முத்திரை குத்துவதும் கிடையாது. பெயரைத் தேடினால் வேறு தளங்களும் வந்து நிற்கும் என்பதால், ஓபிஎஸ்ப்ராஜெக்ட் டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

திறந்தவுடன் ஒரு கருப்புத் திரையும் அதன் கீழே சில பெட்டிகளும் தெரியும்; முதலில் கவனிக்க வேண்டியவை சீன், சோர்ஸ் என்ற இரண்டும்தான். சீன் என்பது பார்ப்பவருக்குத் தெரியப்போகும் ஒரு முழுத் தோற்றம். சோர்ஸ் என்பது அதற்குள் நாம் அடுக்கும் விளையாட்டு, கேமரா, படம், ஒலி ஆகியவை. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை தாமாக விளங்கும். விளையாட்டைப் பிடிக்க கேம் கேப்சர் என்ற சோர்ஸே சரியானது. முழுத் திரையையும் பிடிக்கும் டிஸ்ப்ளே கேப்சரைப் போட்டால், நடுவில் வரும் வாட்ஸ்அப் செய்தியும் ஊருக்கெல்லாம் தெரியும். ஆனாலும் முதல் நாள், "மாமா, எனக்கு வெறும் கருப்பாத்தான் வருதுங்" என்று பையன் போனில் சொன்னான். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் இருந்து, விளையாட்டு ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால் நேர்வது இது. விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் இரண்டையும் உயர்திறன் சிப்புக்கே மாற்றியவுடன் படம் வந்துவிட்டது.

நேரலைக்கு அவசரப்படாமல் முதல் வாரம் பதிவு மட்டும் செய்யச் சொன்னேன். அந்த வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. எடிட் செய்ய எளிது என்று அவன் கோப்பு வகையைச் சாதாரண எம்பி4 ஆக மாற்றி வைத்திருந்தான். ஒன்றரை மணி நேரம் விளையாடிய பிறகு கரண்ட் போனது. தறிகளெல்லாம் ஒரே நேரத்தில் நின்று வீடே நிசப்தமானது, லேப்டாப்பும் அணைந்தது. மீண்டும் திறந்தபோது கோப்பு இருந்தது, ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. எம்பி4 கோப்பைப் படிப்பதற்கான குறிப்புகள் பதிவு முடியும்போதுதான் கடைசியாக எழுதப்படுகின்றன. அதற்குள் மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் படம் கைக்கு எட்டாமல் போகிறது. எம்கேவி வகையில் அந்தச் சிக்கல் இல்லை, அணைந்த நொடி வரைக்கும் பதிவானது பத்திரமாக இருக்கும். பிறகு எம்பி4 வேண்டுமென்றால், கோப்பு மெனுவில் உள்ள ரீமக்ஸ் வசதி தரம் குறையாமல் விரைவில் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. 30.2 பதிப்பில் அறிமுகமான ஹைப்ரிட் எம்பி4 வகையும் இதே பாதுகாப்பைத் தருகிறது. எப்படியிருந்தாலும், யூபிஎஸ் இல்லாத வீட்டில் சாதாரண எம்பி4-இல் நேரடியாகப் பதிவு செய்யவே கூடாது.

இனி ஒலி. இந்த மென்பொருளின் உண்மையான அருமையை நான் கண்டது இங்கேதான். மங்கலான படத்தைக்கூடச் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், காதைக் குடையும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். லேப்டாப்பின் சொந்த மைக்கில் பேசிப் பார்த்தபோது, ஒலி அளவைக் காட்டும் பட்டையில் தறி மட்டும் ஓடும்போதே −30 டெசிபலைத் தொட்டது. தறியில் நூலைச் சுமந்து ஓடும் நாடா அதன் பெட்டியில் மோதும் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பச்சைப் பட்டை துள்ளியது. ஒரு சாதாரண ஹெட்செட் மைக்கை வாயருகே வைத்து, மைக்கின் அளவைக் குறைத்தவுடன் தறி −42-க்கு இறங்கியது, பேச்சு −15 அருகே நின்றது. எந்த வடிகட்டியும் செய்யாத வேலையை அந்த நான்கு விரற்கடை தூரம் செய்துவிட்டது. அதன் பிறகுதான் ஃபில்டர்களைச் சேர்த்தேன். முதலில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் சப்ரஷன், அதில் தரப்படும் ஸ்பீக்ஸ் முறையைவிட ஆர்என்நாய்ஸ் முறையே நல்லது. அடுத்து, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மைக்கை அடைத்துவிடும் நாய்ஸ் கேட், மூடும் அளவு −38, திறக்கும் அளவு −30. கடைசியாக, பையன் உற்சாகத்தில் கத்தினால் ஒலி பிளக்காமல் இருக்க ஒரு லிமிட்டர். ஃபில்டர்கள் மேலிருந்து கீழாகவே வேலை செய்வதால் வரிசை மாறக் கூடாது. ஃபேன் இரைச்சலைப் போன்ற ஒரே சீரான சத்தம் முழுவதும் மறைகிறது. தறியின் அடி, அவன் பேசாதபோது அறவே இல்லை. பேசும்போது மட்டும் சொற்களின் அடியில் மெலிதாகக் கேட்கிறது. இந்த எண்கள் எங்கள் சுவருக்கும் எங்கள் மைக்குக்கும் உரியவை. உங்கள் வீட்டில் பட்டையைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவில் ஆறு ஒலித் தடங்கள் வரை தனித்தனியாகச் சேமிக்கலாம். விளையாட்டை ஒன்றிலும் குரலை மற்றொன்றிலும் வைத்தால், எடிட் செய்யும்போது குரலை மட்டும் திருத்தலாம். விளையாட்டின் ஒலியை அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர் வழியாக எடுத்தால் கணினியின் மற்ற ஒலிகள் உள்ளே வராது.

படத்தைச் சுருக்கி வீடியோவாக்கும் என்கோடர் விஷயத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை. லேப்டாப்பில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் சிப் இருப்பதால், அந்தச் சிப்பிலேயே வேலையை முடிக்கும் என்வென்க்கைத் தேர்ந்தெடுத்தோம். எக்ஸ்264 முறை பிராசஸரைப் பிழிவதால் விளையாட்டே தடுமாறியது. நேரலைக்கு, தரவின் அளவை ஒரே சீராக வைக்கும் சிபிஆர்; பதிவுக்கு, படத்தின் தரத்தை ஒரே சீராக வைக்கும் சிக்யூபி. அப்படியும் அரை மணி நேரத்துக்குப் பின் படம் திக்கியது. ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்தால் திக்கலின் காரணம் மூன்று வரிகளில் பிரித்துக் காட்டப்படுகிறது: காட்சியை வரைவதில் தாமதமா, என்கோட் செய்வதில் தாமதமா, இணையத்தில் இழப்பா என்று. எங்களுக்கு ஏறியது முதல் எண். கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தபோது, காற்று வெளியேறும் தகடு முழுவதும் பஞ்சுத்தூசி மெத்தைபோல் அடைத்துக்கிடந்தது. சூடு ஏறி வேகம் குறைந்ததற்கு மென்பொருள் என்ன செய்யும்? தறி ஊர்களில் இருப்பவர்கள் ஓபிஎஸ்ஸில் ஒரு அமைப்பைத் தொடுவதற்கு முன் அந்தத் தகட்டைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இணையத்தைப் பொறுத்தவரை, திட்டத்தில் சொல்லப்படும் பெரிய எண் இறக்கத்துக்கு உரியது. நேரலைக்கு வேண்டியது ஏற்றம். அது எங்களுக்கு மாலை ஏழு மணிக்கு 5 எம்பிபிஎஸ்தான். ஓபிஎஸ்ஸின் தானியங்கி அமைப்பு வழிகாட்டியைப் பகலில் ஓட்டினால் அது பகலின் வேகத்தை நம்பி எண்ணைச் சொல்கிறது, அதனால் அந்த வழிகாட்டியை நான் முழுமையாக நம்புவதில்லை. கையால் 720பி, நொடிக்கு 30 ஃபிரேம், பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 3000 கேபிபிஎஸ், கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி என்று வைத்தோம். வைஃபையை விட்டு கேபிளில் இணைத்தோம். நெரிசலுக்கேற்ப பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியையும் இயக்கினோம். இந்த அளவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி செலவாகும், மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்புகிறவர்கள் கணக்கில் கொள்ளட்டும்.

யூடியூபில் நேரலை வசதியை முதன்முறை இயக்கினால் 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே முந்தைய வாரமே செய்துவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து 16 வயது நிறையாதவர்கள் பெரியவர் துணையின்றி அங்கே நேரலை செய்ய முடியாது. ஓபிஎஸ்ஸை உங்கள் சேனலோடு இணைக்கும் ஸ்ட்ரீம் கீ என்ற ரகசியக் குறியீடு வீட்டுச் சாவிக்குச் சமம், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

குறை என்றால், சிம்பிள், அட்வான்ஸ்டு என்று அமைப்புகள் இரண்டு இடங்களில் பிரிந்துகிடப்பது புதியவரைக் குழப்புகிறது. ஒலித் தடங்களைத் தேர்ந்தெடுக்க மூன்று வெவ்வேறு ஜன்னல்களைத் திறக்க வேண்டியிருக்கிறது, அது தேவையற்ற அலைச்சல். இருந்தும் விலை கொடுத்து வாங்கும் எதையும் இதற்கு மேலாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் நேரலை ஒரு சனிக்கிழமை இரவு, எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தது. சமையலறையில் அக்கா போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், சுவரைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் காதில் வைத்தாள். முடிந்ததும் பையனிடம் அவள் கேட்டது இதைத்தான்: "ஏங் கண்ணு, நம்ம தறி ஓடுன சத்தத்தையே இதுல காணமே?"