சாவியை விட்டதும் அணையும் கார்: எட்டு பார்ட் மாற்றியும் தீராத கோளாறு

கார்புரேட்டரும் பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் சிறு தொடர்பு) வைத்த டெல்கோவும் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள், ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. இந்த வேலை எங்கேயும் நடக்கிறது, ஒரு பெயரைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அங்கே போய் வந்த ஒரு வண்டியில் இருந்த குறை இரண்டு. ஒன்று, செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றியது. சில நாள் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். இன்னொன்று, சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும் வரை எஞ்சின் பிடிக்கும், கையை எடுத்ததும் அணைந்துவிடும். இந்த இரண்டாவதைக் கேட்ட மாத்திரத்தில் விவரமுள்ள மெக்கானிக் பேலஸ்ட் ரெசிஸ்டரைத்தான் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) முதலில் பார்ப்பார். இங்கே அதை யாரும் பார்க்கவில்லை. பில்லில் ஏறியவை: புது பேட்டரி, செல்ஃப் முழு சர்வீஸ், சோக் கேபிள், நான்கு பிளக், பிளக் ஒயர் செட், காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது), பாயின்ட், கண்டென்சர் (பாயின்ட் திறக்கும்போது பொறி பறந்து கருகாமல் காப்பது). அளந்து பார்த்ததாக ஒரு எண் கூட அந்தக் காகிதத்தில் இல்லை.

வண்டியைக் கொடுக்கும்போது ஓடியது. சில வாரத்தில் செல்ஃப் மறுபடி இழுத்தது, எஞ்சின் திக்கியது, காயிலில் கை வைக்க முடியாத சூடு. திரும்பக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்: “டெல்கோவே போச்சு சார், எலக்ட்ரானிக்கா மாத்திடலாம். பழைய வண்டின்னா இப்படித்தான்.” அதற்குப் பிறகுதான் வண்டி எங்கள் கைக்கு வந்தது.

முதலில் செல்ஃப் விவகாரம். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழு சார்ஜ். (12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி.) செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனையில் 10.8. ஆரோக்கியமான பேட்டரி, செல்ஃப் சுற்றும்போதும் 9.6-க்குக் கீழே போகாமல் தாங்க வேண்டும். இது நன்றாகவே தாங்குகிறது. ஆனால் அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் 8.9 வோல்ட்தான். நடுவழியில் 1.9 வோல்ட் காணாமல் போகிறது. அதைத் தேடுவதுதான் வேலை. பார்ட் வாங்குவது அப்புறம்.

தேடும் முறை எளிது. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்க வேண்டும். எஞ்சின் பிடிக்காமல் இருக்கக் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி, முனை எங்கும் தொடாதபடி டேப் சுற்றிவிடுங்கள். மல்டிமீட்டர் டி.சி. வோல்ட்டில். ஒரு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழ் மீதே வைக்க வேண்டும், கிளாம்ப் மீது அல்ல. மற்றதை செல்ஃப் மோட்டாரின் பெரிய முனையில். ஒருவர் சாவியைத் திருப்ப, அந்த ஐந்து நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் பழுதில்லை. அடுத்து எர்த் பக்கம்: ஒரு முள் பேட்டரியின் நெகட்டிவ் குமிழில், மற்றது எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில். இங்கே 0.2, அதிகம் போனால் 0.3 வோல்ட் வரலாம். இந்த வண்டியில் பாசிட்டிவ் பக்கம் 0.3. எர்த் பக்கம் 1.6.

ஓம் அளவில் வைத்து “ஒயர் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் 100 முதல் 200 ஆம்பியர் வரை எடுக்கும். நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் போய்விடும். அவ்வளவு சின்னத் தடை சாதாரண மல்டிமீட்டருக்குத் தெரியாது. பூஜ்யம் என்றே காட்டும். ஓட்டம் போகும்போது வோல்ட் அளந்தால் மட்டுமே பிடிபடும்.

1.6 எங்கே என்று பார்த்தால், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போட்டிருக்கும் பின்னல் எர்த் பட்டை பச்சை பூத்து, பாதி இழை அறுந்து தொங்கியது. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. பட்டை போய்விட்டால் அந்த நூற்றுச் சொச்சம் ஆம்பியரும் கிடைத்த வழியில் திரும்பும்: ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், சோக் கேபிள்.

பில்லில் சோக் கேபிள் ஏறியது இதனால்தான். உறை உருகி உள்ளே கம்பியோடு ஒட்டி இறுகிவிட்டது, அவர்கள் ‘டைட்’ என்று புதிதைப் போட்டுவிட்டார்கள். புதிதும் உருக ஆரம்பித்திருந்தது: டாஷ்போர்டுக்குப் பின்னால், உறை தகரத்தைத் தொடும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பளபளவென்று கசிந்து, விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. ஒரு சோக் கேபிள் ஏன் உருகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கோளாறு எங்கே என்று அப்போதே தெரிந்திருக்கும். செல்ஃப் சுற்றி முடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தாலே எர்த் பட்டையைப் பாருங்கள். உடனே உறுதி செய்ய, ஒரு தடித்த ஜம்பர் கேபிளை எஞ்சின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் போட்டு செல்ஃப் அடித்தால் போதும். வேகம் சட்டென்று கூடினால் விடை கிடைத்துவிட்டது. புதுப் பட்டை போடும்போது இரண்டு முனையிலும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகே போல்ட் முறுக்க வேண்டும். பெயின்ட் மேல் வைத்து முறுக்கினால் புதுப் பட்டையும் வீண்.

சர்வீஸ் செய்ததாகச் சொன்ன செல்ஃப் புதுக் கறுப்பு பெயின்ட்டில் மின்னியது. நகத்தால் சுரண்டினால் பெயின்ட்டுக்கு அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. நீளமான இரண்டு போல்ட் தலைகளைச் சுற்றிலும் அதே பிசுக்கு உடையாமல் படிந்திருந்தது. கழற்றினால் பிரஷ்கள் பழையவை, தேய்ந்து குட்டையானவை. புஷ்ஷும் அசையும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இதைத் தவறு என்று சொல்ல முடியாது, ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பேட்டரியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அது நன்றாக இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

இனி சாவியை விட்டதும் அணையும் குறை. இந்த வகை வண்டியில் காயிலின் உள்தடை 1.5 ஓம். அதற்கு முன்னால் இன்னொரு 1.5 ஓம் பேலஸ்ட் ரெசிஸ்டர், வெள்ளைப் பீங்கான் கட்டையில். ஓடும்போது கரண்ட் இரண்டின் வழியாகவும் போகும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி வோல்ட் இறங்கிவிடும் என்பதால், அந்தச் சில நொடிக்கு மட்டும் சொலினாய்டிலிருந்து (செல்ஃப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரும் தனி ஒயர் பேலஸ்ட்டைத் தாண்டி நேராகக் காயிலுக்குக் கொடுக்கும். பேலஸ்ட் அறுந்துவிட்டால் ஸ்டார்ட்டில் எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டதும் கரண்ட் நின்றுவிடும். சாவி ‘ஆன்’ நிலையில் பேலஸ்ட்டின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் பூஜ்யம் என்றால் அதுதான் போனது. இரண்டு முனையிலுமே ஒன்றுமில்லை என்றால் சாவி சுவிட்ச்சின் ‘ஆன்’ தொடர்பைப் பாருங்கள்; அறிகுறி ஒன்றேதான்.

ஒர்க்‌ஷாப்பில் செய்தது, காயிலை மாற்றிவிட்டு பேலஸ்ட்டைக் கழற்றிக் கடாசியது. சாவி சுவிட்சிலிருந்து நேராகக் காயிலுக்கு ஒரு நீல ஒயர், முனையில் முறுக்கி டேப். புதிதாகப் போட்ட காயிலும் 1.5 ஓம். பேலஸ்ட் இல்லாத வண்டிக்கு 3 ஓம் காயில்தான் போட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பேலஸ்ட்டோடு மொத்தம் 3 ஓம், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். பேலஸ்ட் இல்லாமல் 8. ஓட்டம் இரண்டு மடங்கானால் காயிலுக்குள் சூடு நான்கு மடங்கு: 24 வாட் இருந்த இடத்தில் 96. சாவியை ஆன் செய்துவிட்டு எஞ்சின் ஓடாமல், பாயின்ட் மூடிய நிலையில் நின்றால் இந்த 96 வாட்டும் இடைவிடாமல் காயிலைச் சுடும். முதல் சில நாள் ஸ்பார்க் தடிமனாக நீலமாக வரும், வண்டி பிரமாதமாகப் பிடிக்கும். வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். பாயின்ட் கருகக் கொஞ்ச நாளாகும்.

புது பாயின்ட் முகம் இரண்டும் நீலம் பாய்ந்து வெந்திருந்தது. இது அளவுக்கு மீறிய ஓட்டத்தின் முகம். ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியுமாக இருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் பிசுபிசுப்பு என்றால் கிரீஸோ எண்ணெயோ பட்டிருக்கிறது. பாயின்ட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தோம். 0.4 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.2 தான் நுழைந்தது. கேமில் (சுழன்று பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் மேடு) ஒரு துளி கிரீஸ் கூட வைக்கவில்லை. அதனால் பாயின்ட்டின் கால் தேய்ந்து இடைவெளி சுருங்கியிருக்கிறது. இடைவெளி சுருங்கினால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்னால் போகும், ஸ்டார்ட்டிங் இன்னும் கெடும். ஆகவே பாயின்ட்டைத் தொட்டால் கடைசியில் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். வண்டிக்கு வண்டி அளவு சற்று மாறும். மேனுவலில் உள்ளதே சரி.

டெல்கோ? அதில் ஒன்றுமே இல்லை. ஷாஃப்ட்டில் ஆட்டமில்லை, மூடியில் கீறலோ கார்பன் கோடோ இல்லை, நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு நன்றாக எழும்பி நின்றது. பாயின்ட்டுக்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் கிட் கெட்டது என்று சொல்ல வரவில்லை, நல்ல கிட் நல்லதுதான். ஆனால் பேலஸ்ட் இல்லாமல் நேர் ஒயரில் ஓடும் 1.5 ஓம் காயிலோடு, தயாரிப்பாளர் எத்தனை ஓம் கேட்கிறார் என்று பார்க்காமல் அதை மாட்டினால் அடுத்து கிட்டும் கருகும், மறுபடி ஒரு பில் வரும்.

கடைசியில் வண்டிக்குப் போனது: ஒரு எர்த் பட்டை, ஒரு 1.5 ஓம் பேலஸ்ட், ஒரு பாயின்ட், செல்ஃப்புக்கு நான்கு பிரஷ்ஷும் புஷ்ஷும், இன்னொரு சோக் கேபிள். காயில் தப்பித்துக்கொண்டது, ஆறிய பிறகு 1.5 ஓமே காட்டுகிறது. ஆனாலும் அதை நம்பி நீண்ட பயணம் போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். எர்த் பக்கம் இப்போது 0.15 வோல்ட்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கேட்க வேண்டியது இவைதான். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் எவ்வளவு வோல்ட், எர்த் பக்கம் எவ்வளவு விழுகிறது, காயில் எத்தனை ஓம், பேலஸ்ட் இருக்கிறதா. இந்த எண்களைச் சொல்லாமல் பார்ட் பெயரைச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மாற்றும் ஒவ்வொரு பழைய பார்ட்டும், பேட்டரி உட்பட, கைக்கு வர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் “தூக்கிப் போட்டாச்சு” என்பார்கள். கொடுக்கும் முன் எஞ்சின் அறையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது. அந்த நீல ஒயர் முன்பு இல்லை என்று காட்ட அதுதான் உதவும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே யாராவது பேலஸ்ட்டைக் கழற்றியிருக்கலாம். சாவியை ஆஃப் செய்து, காயிலின் இரண்டு சின்ன முனையிலும் உள்ள ஒயரைக் கழற்றி ஓம் பாருங்கள். 3 என்றால் நேர் ஒயர் சரி. 1.5 என்றால் ஒயரை மாட்டி, பாயின்ட் மூடிய நிலையில் சாவியை ஒரு கணம் ஆன் செய்து காயிலின் பிளஸ்ஸில் வோல்ட் பாருங்கள். 6, 7 என்று வந்தால் தடை வேலை செய்கிறது. அதைப் பார்த்து “ஒயர் வீக்” என்று சொல்பவர் இருப்பார்; கேட்காதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். 11, 12 என்று வந்தால் சாவியை உடனே ஆஃப் செய்யுங்கள். பீங்கான் கட்டை கண்ணில் படவில்லை என்பதற்காக மட்டும் தடை இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். சில வண்டிகளில் ஒயர் கட்டுக்குள்ளேயே தடை ஒயராக ஓடும். அதை வெட்டி ஒட்டினாலோ சாதாரண ஒயராக மாற்றினாலோ காயிலுக்கு இதே கதிதான்.