கிரீன் டீயா, மலைப்பூண்டா, சோலை மரமா: புற்றுச் செல்லைச் சாகடிப்பதில் எது தேறும்?

ஊட்டியில் கிரீன் டீ பாக்கெட்டும் கொடைக்கானலில் மலைப்பூண்டுக் கொத்தும் “கேன்சருக்கு நல்லது” என்ற பேச்சோடுதான் விலைபோகின்றன. பேச்சு முழுப் பொய் இல்லை. இரண்டிலும் உள்ள சத்துகள் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்களைச் சாகடிக்கின்றன. ஆனால் தட்டில் சாகடிப்பது பெரிய வித்தையில்லை. அளவைக் கூட்டினால் சமையல் உப்புகூடச் சாகடிக்கும். செல் எப்படிச் செத்தது, அதற்குத் தேவையான அளவு உடம்புக்குள் வந்து சேருமா என்று கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

பழுதான செல் தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கு 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசியும். காஸ்பேஸ் நொதிகள் விழித்துச் செல்லை உள்ளிருந்தே துண்டு போடும். புற்றுச் செல் இந்தப் பாதையைத்தான் அடைத்துவைத்திருக்கிறது. உயிரோடுள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையை மட்டும் காட்டும் ஆய்வில் செல் குறைந்தது தெரியும், செத்த விதம் தெரியாது. அப்போப்டோசிஸைக் காட்டிக்கொடுக்கும் அனெக்சின், காஸ்பேஸ்-3 அளவுகளும், பக்கத்திலேயே நல்ல செல்லில் செய்த சோதனையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரீன் டீ

வேலை செய்வது இஜிசிஜி என்ற கேட்டச்சின் வகைச் சத்து. நீலகிரியில் பெரும்பாலும் தயாராவது சிடிசி தூள் (நசுக்கி, கிழித்து, சுருட்டித் தயாரிப்பது). அதில் இது கொஞ்சம்தான் மிஞ்சும். கொழுந்தை நசுக்கிக் காற்றாட விடும்போது இலையின் நொதி கேட்டச்சினைத் தியாஃபிளேவின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. கிரீன் டீயில் முதலிலேயே ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டி அந்த நொதியை அடக்கிவிடுவதால் கேட்டச்சின் தப்புகிறது. 2 கிராம் இலைக்கு 200 மில்லி தண்ணீர், 3 நிமிடம் என்றால் ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிகிராம் இஜிசிஜி இறங்கும்.

தட்டில் பொதுவாக ஊற்றுவது 20 முதல் 100 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தி அளவு). இரண்டு மூன்று கோப்பை குடித்தவரின் ரத்தத்தில் 1 மைக்ரோமோலார்கூடத் தேறுவதில்லை. இன்னொரு வில்லங்கமும் உண்டு: செல் வளர்க்கும் திரவத்தில் இஜிசிஜி தானாகவே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கும். பல ஆய்வுகளில் செல்லைக் கொன்றதில் அதற்கும் பங்கு உண்டு.

மலைப்பூண்டு

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துக் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டில் வேலை செய்வது அல்லிசின் என்ற கந்தகச் சேர்மம். முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கினால்தான் அல்லினும் அல்லினேஸ் நொதியும் சந்தித்து அல்லிசின் பிறக்கும். நசுக்கிய உடனே எண்ணெயில் போட்டால் நொதி வெந்துபோகும். 10 நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால் ஓரளவு தங்கும்.

அல்லிசின், செல்லைக் காக்கும் கந்தகப் பொருளான குளூட்டாதயோனைப் பிடித்துக் காலி செய்கிறது. பாதுகாப்பு போன செல்லில் மைட்டோகாண்ட்ரியா கசிய, காஸ்பேஸ் கிளம்புகிறது. அதன் பலமே அதற்கு வினையும்கூட. ரத்தத்திலும் கந்தகச் சேர்மங்கள் நிறைய இருக்கின்றன. கட்டியை எட்டுவதற்குள் அவற்றோடு ஒட்டித் தீர்ந்துவிடும். 25 கிராம் பச்சைப்பூண்டு தின்றவர்களின் ரத்தத்திலும் அல்லிசின் தென்படவில்லை. மிஞ்சுவது மூச்சில் அடிக்கும் வாடைதான்.

சோலை மரம்

நீலகிரிச் சோலைகளில் நோதபோடைட்டஸ் நிம்மோனியானா என்ற சிறு மரம் உண்டு, பூ நாறும். சீன மரம் ஒன்றிலிருந்து வேதியியலாளர்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும் 1966இல் பிரித்தெடுத்த கேம்டோதெசின் என்ற சேர்மம் இதிலும் இருப்பதை கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் 1972இல் காட்டினார்கள். டிஎன்ஏ முறுக்கைத் தளர்த்த ஓர் இழையை அறுத்து ஒட்டும் டோபோஐசோமரேஸ்-1 நொதியை, அறுத்த நிலையிலேயே இது பூட்டிவைக்கிறது. படியெடுக்க வரும் இயந்திரம் அங்கே மோதினால் இரண்டு இழையும் உடையும். செல் அப்போப்டோசிஸுக்குப் போகும். நானோமோலார் அளவே போதும், இஜிசிஜியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்த வீரியத்துக்கு விலையும் உண்டு. 1970களின் சோதனைகளில் நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு, எலும்பு மஜ்ஜைச் சரிவு, நிறுத்திவிட்டார்கள். மூலக்கூறைத் திருத்தி உருவாக்கிய டோபோடிகானும் இரினோடிகானும் 1996இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரினோடிகானில் இன்றும் கடும் வயிற்றுப்போக்கும் வெள்ளையணுச் சரிவும் வரும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மரத்துக்கு மரம் அளவு மாறும் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது தற்கொலைக்குச் சமம். போதாததற்கு, வெட்டி வெட்டி மரமும் அருகிவருகிறது.

ஆக, மருந்தாகத் தேறியது மரம் ஒன்றுதான், அதுவும் திருத்திய பிறகு. டீயையும் பூண்டையும் ருசிக்காக வாங்குங்கள்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு போர்டெசோமிப் மருந்து போட்டுக்கொள்பவர்கள் கிரீன் டீயைத் தவிர்க்க வேண்டும்: மருந்திலுள்ள போரானோடு இஜிசிஜி ஒட்டி அதைச் செயலிழக்க வைப்பது 2009இல் தெரியவந்தது. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி தரும் மாத்திரைகள் கல்லீரல் நொதிகளை ஏற்றிவிடும். பூண்டு மாத்திரை ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும். அறுவைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், கீமோவில் தட்டணு இறங்கியிருந்தால் தொடவே கூடாது. ரசத்தில் தட்டிப்போடும் நாலு பல்லுக்கு அந்தக் கவலை வேண்டாம்.